சேவை மறுப்பா, சேவை முடக்கமா? (கீட்ராப் பாடம், அவசரம்)

நண்பர்களே, வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான இணையப் பாதுகாப்புப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2024 பிப்ரவரியில் ஜெர்மனியின் அதீன் இணையப் பாதுகாப்பு மைய ஆய்வாளர்கள் வெளியிட்ட கீட்ராப் (KeyTrap) என்ற தாக்குதல் பற்றி அதில் ஒரு பக்கம். இணையதளப் பெயருக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ்ஸின் பாதுகாப்பு நீட்சியான டிஎன்எஸ்செக்கில் பதிலோடு கையொப்பம் வரும்; எந்தச் சாவியால் அதைச் சரிபார்ப்பது என்று காட்ட 16 பிட்டில் ஓர் அடையாள எண் உண்டு. வேறுவேறு சாவிகளுக்கு ஒரே எண் அமைந்துவிட்டால் எல்லாவற்றையும் போட்டுப் பார் என்கிறது விதி. தாக்குபவர் தன் டொமைனில் ஒரே எண்ணுள்ள சாவிகளையும் எதற்கும் பொருந்தாத கையொப்பங்களையும் குவித்து வைத்தால், ரிசால்வர் (நமக்காக முகவரி தேடித்தரும் சர்வர்) ஒவ்வொரு கையொப்பத்துக்கும் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே கிடக்கும். ஒரே ஒரு தரவுப் பொட்டலத்தில் (பாக்கெட்) பைண்ட் என்ற ரிசால்வர் மென்பொருள் 16 மணி நேரம் வரை முடங்கியிருக்கிறது.

இப்படி முடக்குவதை ஆங்கிலத்தில் ‘டினையல் ஆஃப் சர்வீஸ்’ என்பார்கள். அதைச் ‘சேவை மறுப்பு’ என்று எழுதலாமா? கீட்ராப்புக்குத் தமிழில் என்ன போடுவது?

---

> சேவை மறுப்பு

வேண்டாம் அக்கா. இங்கே ரிசால்வர் யாருக்கும் எதையும் மறுக்கவில்லை, விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றித்தான் மாட்டிக்கொள்கிறது. 1999ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே இருந்த விதி அது. போதாக்குறைக்கு டிஎன்எஸ்ஸில் ‘ரெஃப்யூஸ்டு’ என்று தனியாக ஒரு பதிலே இருக்கிறது, குறியீடு 5. அதற்கும் மறுப்பு, இதற்கும் மறுப்பு என்றால் பையன்கள் குழம்பிப்போவார்கள். ‘சேவை முடக்கம்’ போடுங்கள்.

---

தம்பி சொல்வது சரி, ஆனால் பாதிதான். ‘சேவை’யே வடசொல்; ‘பணிமுடக்கம்’ என்க. சாவி போர்த்துக்கீசியர் விட்டுப்போனது, நமக்குத் திறவுகோல் இருக்கிறது. ஆகவே ‘திறவுகோற்பொறி’. பொறி என்றால் எலிப்பொறி மட்டும் என்று எண்ண வேண்டாம். மதுரை மதிலில் இருந்த வளைவிற்பொறியைச் சிலம்பு சொல்கிறது. அப்புறம் பொறி என்றால் முத்திரையும்கூட: சேரனின் விற்பொறி, பாண்டியனின் கயற்பொறி. கையொப்பத்தின் பாட்டன் முத்திரைதானே! கையொப்பத்தைச் சரிபார்க்கப்போய் மாட்டிக்கொள்ளும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? ‘பொறி’யின் வேர் பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

---

ஐயா, பணிமுடக்கம் என்றால் எங்கள் ஊரில் தொழிற்சங்கம் கொடி பிடிப்பதுதான். திறவுகோற்பொறி என்றால் சாவி வெட்டும் மெஷின் என்பான் மாணவன். போர்த்துக்கீசியர் விட்டுப்போனதையெல்லாம் வெளியேற்றினால் ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் போய்விடும், வீடே காலி. கண்ணி இருக்கிறதே, ‘சாவிக்கண்ணி’ சின்னதாகவும் இருக்கிறது.

---

கண்ணி என்றால் பூமாலை, சங்கிலி வளையம், பாட்டில் இரண்டடி... அதை விடுங்கள். கீட்ராப் என்பது பெயர், அதை எதற்கு மொழிபெயர்க்க வேண்டும்? எந்த மாணவனும் அதன் பாதுகாப்புக் குறைபாட்டு எண்ணான சிவிஇ-2023-50387 என்றோ கீட்ராப் என்றோதான் தேடுவான். சேவை மறுப்பும் அப்படித்தான், ஏற்கெனவே அகராதிகளிலும் பாடநூல்களிலும் ஏறிவிட்டது. பொருள் கச்சிதமாக இல்லை என்று ஒவ்வொரு பாடநூலிலும் ஒரு சொல் மாற்றினால் அடுத்த வகுப்புக்குப் போகிறவன் என்ன செய்வான்? யாருக்கு மறுக்கப்படுகிறதோ அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது மறுப்புதான்.

---

> அவர் பக்கத்திலிருந்து பார்த்தால்

பார்த்தேன். இதற்கு வந்த திருத்தங்கள் என்ன செய்கின்றன? இத்தனை தடவைக்கு மேல் சாவியைப் போட்டுப் பார்க்காதே என்று வரம்பு வைக்கின்றன. வரம்பு தாண்டினால் ரிசால்வர் முயற்சியைக் கைவிட்டு ‘சர்வ்ஃபெயில்’ (பதில் தர முடியவில்லை) என்று சொல்லிவிடுகிறது. முடியாது என்று சொல்லக் கற்றுக்கொடுத்ததுதான் மருந்து. அதன் பெயரையே நோய்க்கு வைத்தால் வகுப்பில் எப்படி விளக்குவது?

---

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். சேவை மறுப்பு, கீட்ராப் இரண்டும் அப்படியே போகின்றன. முதல் முறை வருமிடத்தில் ‘சேவை முடக்கம் என்றும் சொல்வர்’ என்று சேர்த்திருக்கிறேன். ரெஃப்யூஸ்டு விஷயத்தையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டேன், தம்பிக்கு நன்றி.

---

அடுத்த பதிப்பில் ‘என்றும் சொல்வர்’ என்ற இடத்துக்குச் சேவை மறுப்பு போகட்டும். ஐயா, அந்த வேர் மடலை எனக்கும் அனுப்புங்கள்.