லாக்கில் எரர் இருக்கு, விவரத்தைத்தான் காணோம்

இரவுக்காவல்:
ஜாவா லாக்கில் 'நல்பாயின்டர்எக்செப்ஷன்' என்ற ஒற்றை வரி மட்டும் ஆயிரக்கணக்கில் வந்து, கீழே ஸ்டாக் டிரேஸே (எரர் எந்த வரியில், எந்த அழைப்புகள் வழியே எழுந்தது என்ற பட்டியல்) இல்லையென்றால், லாகர் கான்ஃபிகைக் குடைய வேண்டாம். ஜாவா புரோகிராமை ஓட்டும் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம் வேண்டுமென்றே செய்கிற வேலை இது. ஒரே இடத்தில் அதே எக்செப்ஷன் திரும்பத் திரும்ப எழுந்தால், ஓடும்போதே கம்பைல் செய்யும் ஜேஐடி கம்பைலர் அந்த மெத்தடை மறுபடி கம்பைல் செய்து, முன்பே செய்துவைத்த ஒரு எக்செப்ஷனை வீசத் தொடங்கிவிடும். ஸ்டாக்கை நிரப்பும் செலவு மிச்சம். ஆனால் அதில் ஸ்டாக்கும் இல்லை, மெசேஜும் இல்லை. ஜாவா 15 முதல் தானாகவே வரும் விளக்கமான நல் மெசேஜும் இங்கே கைகொடுக்காது. அரே எல்லை மீறல், பூஜ்யத்தால் வகுத்தல், தவறான காஸ்ட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

பழைய லாக்கில் பின்னோக்கிப் போங்கள். முதலில் வந்தவற்றில் முழு டிரேஸ் இருக்கும். பழைய லாக் ஃபைல்களை நீக்கும் ரொட்டேஷனில் அது போய்விட்டதா? ஒரு சர்வரை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள், கோடு சூடேறி ஜேஐடி அதை மறுபடி கம்பைல் செய்யும்வரை டிரேஸ் வரும். நிலையான தீர்வு ஜேவிஎம் ஆர்கியுமென்ட்டில் '-எக்ஸ்எக்ஸ்:-ஆமிட்ஸ்டாக்டிரேஸ்இன்ஃபாஸ்ட்த்ரோ'. கோலனுக்குப் பின்னால் மைனஸ். ப்ளஸ் போட்டால் பழைய குருடிதான். வேகம் குறையுமே என்று சிலர் தயங்குவார்கள். நல்பாயின்டர் மழையாகப் பொழிகிற சர்வரில் வேகத்தைப் பற்றியா கவலை!

பாம்பாட்டி:
பைத்தானில் இதைவிட எளிய தப்பு. எக்செப்டுக்குள் 'லாகர்.எரர்(ஈ)' என்று எழுதினால், கீஎரர் வரும்போது லாக்கில் விழுவது வெறும் 'யூசர்_ஐடி' என்ற சொல் மட்டும். அது எரரா, யாரோ மறந்துவிட்ட பிரின்ட்டா என்றே தெரியாது. 'லாகர்.எக்செப்ஷன்' போடுங்கள், டிரேஸ்பேக் கூடவே வரும். வந்தும் காணவில்லையென்றால் லாக்குகளைத் திரட்டும் லாக் கலெக்டரைப் பாருங்கள்: டிரேஸ்பேக்கின் ஒவ்வொரு வரியையும் தனி ரெக்கார்டாக வெட்டியிருக்கும், எரர் லெவலில் ஃபில்டர் செய்தால் முதல் வரி மட்டும்தான் சிக்கும். பல வரிகளை ஒரே ரெக்கார்டாகச் சேர்க்கும் மல்டிலைன் விதி எழுதுங்கள்; அல்லது ஜேசன் ஃபார்மட்டுக்கு மாறுங்கள்.

கால்பேக்:
நோட்.ஜேஎஸ்ஸில் லாக் முழுக்க '{}' என்று வந்தால், யாரோ எரர் ஆப்ஜெக்டை 'ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை' செய்திருக்கிறார்கள். மெசேஜும் ஸ்டாக்கும் எனுமரபிள் (பட்டியலில் எடுபடும் பண்பு) அல்ல, அதனால் ஜேசனில் ஏறாது. நோட்.ஜேஎஸ்ஸின் பினோ என்ற லாகரில் 'எரர்' என்ற கீயில் கொடுத்தாலும் இதே வெற்று அடைப்புதான். அதன் சீரியலைசர் இயல்பாகப் பார்ப்பது 'இஆர்ஆர்' என்ற மூன்றெழுத்துக் கீயை மட்டும்.

இரவுக்காவல்:
அந்த மூன்றெழுத்து எத்தனை பேர் தூக்கத்தைக் கெடுத்திருக்கும்!

யானைப்பாகன்:
பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம், வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் கூட்டணியில் டிரேஸ் பாதியில் அறுந்து நிற்கும். எரர்லாக் பாதை தராவிட்டால் பிஎச்பி எரர்கள் இரண்டையும் இணைக்கும் ஃபாஸ்ட்சிஜிஐ வழியாக என்ஜின்எக்ஸின் எரர் லாக்குக்குப் போகும். அங்கே ஒரு வரிக்கு 2048 பைட்தான் உச்சம், அதற்குமேல் வெட்டிவிடும். எஃப்பிஎம் பூலின் (வொர்க்கர் ப்ராசஸ் குழுவின்) கான்ஃபிகில் 'பிஎச்பி_அட்மின்_வேல்யூ' கொண்டு எரர்லாக்கைத் தனி ஃபைலுக்குத் திருப்புங்கள். அந்த ஃபைலில் பூல் யூசருக்கு எழுதும் உரிமை இருக்க வேண்டும். ரூட்டாக டச் செய்துவிட்டு ஓனரை மாற்ற மறப்பதுதான் வழக்கமான சறுக்கல். வொர்க்கர்கள் நேராக ஸ்டெட்எரரில் எழுதுவது வேண்டுமென்றால் 'கேட்ச்_வொர்க்கர்ஸ்_அவுட்புட்' எஸ் ஆக இருக்க வேண்டும், இயல்புநிலை நோ.

இன்னொன்று. நள்ளிரவுக்குப் பின் ஒரு வரிகூட வரவில்லையென்றால் லாக் ஃபைல்களைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டைச் சந்தேகப்படுங்கள். ஃபைல் நீக்கப்பட்டிருக்கும், ப்ராசஸ் இன்னும் அந்தப் பழைய ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கும். 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' என்ற கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும். ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், உள்ளதும் போய்விடும். முதலில் '/ப்ராக்' ஃபோல்டரின் கீழே அந்த ப்ராசஸின் எண்ணில் (பிஐடி) உள்ள எஃப்டி ஃபோல்டரிலிருந்து காப்பி எடுத்துக்கொண்டு, பிறகு ரீலோட் செய்யுங்கள்.