நச்சு சுண்டெலி பிளாஸ்மாவில் கழன்றுபோகிறது, மனித பிளாஸ்மாவில் அப்படியே நிற்கிறது. தப்பு லிங்கரிலா, என் கையிலா?

கேள்வி: தேன்கூடு92

பிஎச்.டி. மூன்றாம் வருஷம். புற்றுநோய் செல்லுக்கு நச்சைச் சுமந்து போகும் ஆன்டிபாடி-மருந்து இணைப்பு (ஏடிசி) ஒன்றைச் செய்கிறேன். ஆன்டிபாடியின் சிறிய புரதச் சங்கிலியான லைட் செயினில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைப் புதிதாக வைத்து, அதில் எம்.எம்.ஏ.ஈ. நச்சை ஒட்டியிருக்கிறேன். இரண்டையும் இணைக்கும் லிங்கரில் புதுமை எதுவும் இல்லை. சிஸ்டீனைப் பிடிக்கும் மாலிமைடு, நொதி வெட்டுவதற்கான வேலின்-சிட்ருலின், நச்சைத் தாங்கும் பிஏபி என்று போகும் சங்கிலிதான். 2011-ல் ஒப்புதல் பெற்ற புற்றுநோய் மருந்தான பிரென்டக்ஸிமாப் வெடோட்டினில் இருப்பதும் இதுவே.

37 டிகிரியில் பிளாஸ்மாவோடு வைத்துப் பார்த்தேன். சுண்டெலி பிளாஸ்மாவில் மூன்றாம் நாளே பாதிக்கு மேல் நச்சைக் காணோம். மனித பிளாஸ்மாவில் ஏழாம் நாளும் ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. மூன்று தடவை செய்தும் இதே கதை. "லிங்கர் சரியில்லை, மாற்று" என்கிறார் கைடு. இரண்டு வருஷ உழைப்பு இது. வருகிற மாதம் சுண்டெலியில் கட்டி வைத்துப் பார்க்கும் சோதனையும் இருக்கிறது. பலன் தராது என்று தெரிந்த மருந்தை ஏற்றி உயிர்களை வீணாக்க எனக்கு மனசில்லை. இப்படிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1: கரைசல்

மாலிமைடு என்றாலே இந்தத் தொல்லை உண்டு. சிஸ்டீனோடு அது போடும் தயோஈதர் பிணைப்பு பின்னோக்கித் திரும்பி அவிழும். ரத்தப் புரதமான ஆல்புமினின் 34-ஆவது சிஸ்டீன் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். வேறு பிணைப்புக்குப் போய்விடுங்கள்.

பதில் 2: வைகைக்கரை

கரைசல் சொல்கிற விஷயம் உண்மை. ஆனால் அது இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. ஆல்புமின் மனித பிளாஸ்மாவிலும்தான் கொட்டிக் கிடக்கிறது. மாலிமைடு மட்டும் காரணம் என்றால் இரண்டிலும் கழன்றிருக்க வேண்டும்.

தம்பி, ஏடிசி மாதிரிகளை அளப்பதுதான் பல வருஷமாக என் வேலை. கழன்றது எது, எந்த இடத்தில் அறுந்தது என்று பார்க்காமல் லிங்கரைக் குறை சொல்ல வேண்டாம். நீங்கள் பிளாஸ்மாவில் வெளிவந்த எம்.எம்.ஏ.ஈ.யை மட்டும் அளந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆன்டிபாடியின் மேல் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். பிளாஸ்மாவிலிருந்து அதைப் பிடித்தெடுத்து, சங்கிலிகளைச் சேர்த்துவைக்கும் டைசல்பைடு பிணைப்புகளை ஒடுக்கிப் பிரித்து, லைட் செயினின் நிறையைப் பாருங்கள்.

லிங்கரும் நச்சும் சேர்ந்து சுமார் 1316 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு). லைட் செயின் வெறுமையாக நின்றால் மாலிமைடில் அவிழ்ந்திருக்கிறது. 1316 கூடுதலாக இருந்தால் எதுவும் ஆகவில்லை. 1334 என்றால் மாலிமைடு ஒட்டியபின் உருவான சக்சினிமைடு வளையம் ஒரு தண்ணீர் மூலக்கூறை வாங்கித் திறந்துகொண்டது. அது நல்ல சேதி, திறந்த வளையம் பிறகு அவிழாது. இப்போது முக்கியமானது: 467 மட்டும் கூடுதலாக இருந்தால், அல்லது வளையமும் திறந்து 485 ஆக இருந்தால், பிணைப்பு உறுதியாகத்தான் இருக்கிறது. சிட்ருலினுக்கும் பிஏபிக்கும் நடுவில் யாரோ வெட்டியிருக்கிறார்கள், அடிக்கட்டை மட்டும் ஆன்டிபாடியில் நிற்கிறது.

அந்த 'யாரோ' அநேகமாக கார்பாக்சில்எஸ்டரேஸ் 1சி. சுண்டெலியின் ரத்தத்தில் நிறைய ஓடுகிற நொதி. மனித பிளாஸ்மாவில் கார்பாக்சில்எஸ்டரேஸே கிடையாது. செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் பையில் கத்தெப்சின் நொதி வெட்டவேண்டிய இடத்தை இது ரத்தத்திலேயே வெட்டிவிடுகிறது. லிங்கர் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாக வெட்டும். உங்கள் சிஸ்டீன் எந்த இடத்தில் என்பதும் கணக்கில் வரும்.

உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. பி.என்.பி.பி. என்ற கார்பாக்சில்எஸ்டரேஸ் தடுப்பானைச் சேர்த்து அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கழல்வது நின்றால் விடை கிடைத்துவிட்டது. பிறகு மூன்று வழி: இந்த நொதி நீக்கப்பட்ட சுண்டெலி, லிங்கரை உள்ளே ஒதுக்கும் வேறு சிஸ்டீன் இடம், அல்லது வேலினுக்கு முன் ஒரு குளுடாமிக் அமிலம். கடைசியது சுண்டெலி பிளாஸ்மாவிலும் தாங்குகிறது என்று ஹூஸ்டன் குழு ஒன்று 2018-ல் காட்டியது. நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். பிளாஸ்மாவைத் திறந்த குழாயில் நாள்கணக்கில் வைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஹெச் 8-ஐத் தாண்டிவிடும். மாலிமைடு அவிழ்வதும் வளையம் திறப்பதும் அப்போது தாறுமாறாக வேகமெடுக்கும். ஒரு முறை இதைக் கவனிக்காமல் ஒரு மாத மாதிரிகளைக் குப்பையில் போட்டேன். அன்றிலிருந்து 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில்தான் வைக்கிறேன், கடைசி நாள் பிஹெச் தாளும் நனைத்துப் பார்க்கிறேன்.

மனித பிளாஸ்மாவில் நின்றுவிட்டது என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். குழாயில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் இல்லை. அவை விடும் எலாஸ்டேஸ் நொதியும் வேலின்-சிட்ருலினை வெட்டக்கூடியது.

பதில் 3: மருந்தறை அக்கா

நான் புற்றுநோய் வார்டுக்கு மருந்து கலந்து கொடுப்பவள். கட்டிலுக்குப் பக்கத்தில் தெரிவதைச் சொல்கிறேன்.

கழல்வது எப்போதும் கெடுதல் இல்லை. சாசிடுசுமாப் கோவிடெக்கான் என்ற ஏடிசி மருந்தின் லிங்கர் தானாகவே மெல்ல நீராற்பகுப்பாகும்படி வைத்தது. அதனால் 21 நாள் சுற்றில் 1-ஆம் நாளும் 8-ஆம் நாளும் ஏற்றுகிறோம். வெள்ளணுக்கள் இறங்குவதையும் வயிற்றுப்போக்கையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறோம். டிராஸ்டுசுமாப் எம்டான்சின் நேர்மாறு. ஆன்டிபாடி முழுக்கச் செரித்தால்தான் நச்சு வெளியே வரும், 3 வாரத்துக்கு ஒரு முறை போதும்.

பழைய ஜெம்டுசுமாப் ஓசோகாமிசின் கதையும் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி. அமிலத்தில் அவிழும் ஹைட்ரசோன் லிங்கர். 2000-ல் அமெரிக்காவில் வந்தது, 2010-ல் திரும்பப் பெற்றார்கள், 2017-ல் மறுபடி வந்தது. லிங்கர் மாறவில்லை, கொடுக்கும் முறைதான் மாறியது. சதுர மீட்டருக்கு 9 மில்லிகிராம் என்றிருந்தது, 3 மில்லிகிராமாக 1, 4, 7-ஆம் நாள்களில் பிரிந்தது.

பைக்குள்ளேயே கெட்டுப்போவதும் உண்டு. எம்டான்சினை டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் புரதம் திரளும், சலைன்தான் வேண்டும். டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெக்கானுக்கு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், சலைன் கூடாது. இரண்டிலும் இருப்பது ஒரே டிராஸ்டுசுமாப்! எங்கள் அலமாரியில் இரண்டையும் எதிரெதிர் மூலையில் வைத்திருக்கிறேன், லேபிளைச் சத்தமாக வாசித்த பிறகுதான் ஊசியை எடுப்பேன்.

தேன்கூடு92 மறுபடி:

வைகைக்கரை சார், உங்கள் பதிலைப் படித்த கையோடு மூன்றாம் நாள் மாதிரியின் பழைய நிறை ஸ்பெக்ட்ரத்தைத் திறந்தேன். ஓடவிட்டு வைத்திருந்தேன், ஆனால் பட்டியலில் 0-வையும் 1316-ஐயும் மட்டுமே தேடச் சொல்லியிருந்தேன். பெயரில்லாமல் இரண்டு முகடுகள் நிற்கின்றன. பெரியது 485, பக்கத்தில் சின்னதாக 467. வெறும் லைட் செயின் இருக்கிற இடமே தெரியவில்லை. மனித பிளாஸ்மாவில் 1334-தான் ஓங்கி நிற்கிறது.

படத்தை அச்செடுத்துக் கைடின் மேசையில் வைத்துவிட்டேன். சுண்டெலி சோதனையைத் தள்ளிவைக்கச் சம்மதித்துவிட்டார். பி.என்.பி.பி. பக்கத்து ஆய்வகத்தில் இருக்கிறதாம், நாளைக் காலை வாங்கிக்கொள்கிறேன். அதை எதில் கரைப்பீர்கள் சார், டி.எம்.எஸ்.ஓ. கரைப்பான் எவ்வளவு வரை போகலாம்?