ரெஸ்ட் டிஃபென்ஸ்: ‘ஓய்வுத் தற்காப்பு’ வேண்டாம், ‘பின்காவல்’ ஒத்துவருமா?

> ரெஸ்ட் டிஃபென்ஸ் – ஓய்வுத் தற்காப்பு

வணக்கம். கால்பந்துக் கலைச்சொல் பட்டியலில் இந்தச் சொல்லை இப்படியே ஏற்றிவிட வேண்டாம். இங்கே ரெஸ்ட் என்பது ஓய்வு அன்று. ஜெர்மன் மொழியின் ‘ரெஸ்ட்ஃபெர்டைடிகுங்’தான் ஆங்கிலம் வழியாக வந்திருக்கிறது; அதில் ரெஸ்ட் என்றால் மீதி. அணி தாக்கப் போனபின் மீதி நிற்பவர்கள் போடும் காவல் இது. அவர்கள் ஓய்ந்து நின்றால் அடுத்த பத்து வினாடியில் கோல்தான்.

தாளில் 4-3-3 (பின்களத்தில் நால்வர், நடுக்களத்தில் மூவர், முன்களத்தில் மூவர்) என்று எழுதும் அணி, பந்து தன்னிடம் இருக்கும்போது அப்படி நிற்பதில்லை. இடப் பக்கப் பின்கள வீரர் மேலே ஏறுவார். வலப் பக்கத்தவர் உள்ளே ஒதுங்கி மூன்றாவது பின்களத்தவர் ஆவார். நடுக்களத்தில் இருவர் தங்க, ஐவர் முன்னே போவார்கள். ஆக 3-2-5. அதில் அந்த 3-2தான் நாம் பெயர் தேடும் பொருள். பக்கத்தவர் இருவரும் ஏறி, நடுக்களத்தில் ஒருவரே தங்கினால் மிஞ்சுவது 2-1. அந்த ஒருவரும் பந்து கேட்டுப் பத்து மீட்டர் முன்னே நகர்ந்தால் நடுவாசல் திறந்துகிடக்கும்.

எண்ணிக்கைக்குப் பொதுவான கணக்கு, எதிரணி மேலே விட்டுவைக்கும் முன்கள வீரர்களைவிட ஒருவர் கூடுதல். களத்தின் வழக்கமான அகலம் 68 மீட்டர் என்றாலும் மூவரும் அதில் பரவக் கூடாது. பெனால்டி கட்டத்தின் அகலமான 40.32 மீட்டருக்குள் நிற்பது நல்லது. எதிரி ஓரமாகப் போனால் நமக்கு நேரம் கிடைக்கும், நடுவே வந்தால் கிடைக்காது. பலர் கோட்டைவிடும் இடம் நடுக்கோடு. தன் பாதியில் நிற்பவருக்கு ஆஃப்சைடு (எதிரணிப் பின்களத்தாரைத் தாண்டி நின்று பந்து வாங்கும் தவறு) கிடையாது. நம் பின்களத்தார் கோட்டைத் தாண்டி ஏறிவிட்டால், கோட்டுக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும் எதிரணி வீரர், பந்து உதைக்கப்பட்டதும் ஓடத் தொடங்கினால் ஆஃப்சைடு கொடி உயராது. அங்கே ஆளை ஒட்டி, நம் கோல் பக்கமாக நிற்பது ஒன்றே வழி.

என் முன்மொழிவு: பின்காவல்.

—

> என் முன்மொழிவு: பின்காவல்

ஐயா, ஓய்வை நீக்கியது சரி. ‘பின்காவல்’தான் உறுத்துகிறது. பின்கள வீரர்கள் மொத்தப் பேரையும் குறிப்பதாக வாசகர் எடுத்துக்கொள்வார். 3-2வின் அந்த இருவர் பல நேரம் எதிரணியின் பெனால்டி கட்டத்துக்குச் சற்று வெளியே நின்று, தட்டிவிடப்பட்ட பந்தைப் பொறுக்குகிறார்கள். அவர்களைப் ‘பின்’ என்பதா? பந்து பறிபோகும் முன்பே எடுக்கும் நிலை என்பதால் ‘முன்காப்பு’ எனலாமே. பழஞ்சொல் வேண்டுமென்றால் படையின் பின்னணிக்குக் ‘கூழை’ என்ற பெயர் இருக்கவே இருக்கிறது.

—

கூழை அருமையான சொல். ஆனால் இன்றைய காதுக்குக் கூழைக்கும்பிடுதான் முதலில் வரும். மீதி என்ற பொருளுக்கு ‘எச்சக் காப்பு’ என்று போகலாமா என்றும் யோசித்தேன். காக்கை நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன்.

‘முன்காப்பு’ பொருளளவில் நெருக்கம். ஆனால் முன்களத்திலேயே எதிரியை நெருக்குவதற்கும் (பிரெஸ்ஸிங்) அதையே சொல்லிவிடுவார்கள். இவை இரண்டும் வேறு வேலைகள்: பறிகொடுத்த பந்தை அந்த இடத்திலேயே நெருக்கி மீட்பது முன்னே இருப்பவர்கள் பாடு, அந்த நெருக்கலைத் தாண்டி வரும் பந்துக்குத்தான் நாம் பேசும் காவல். ‘பின்’ என்பதைக் களத்துக்குப் பின் என்று கொள்ளாமல் பந்துக்குப் பின் என்று கொண்டால் அந்த இருவரும் அடங்கிவிடுவார்கள். வர்ணனையில் வைத்துப் பாருங்கள்: “3-2 பின்காவலோடு ஏறுகிறார்கள்”, “கார்னருக்குப் பின்காவல் இரண்டே பேர்”, “பின்காவல் கலைந்துவிட்டது”. நாக்கில் தடுக்கவில்லை.

பதிவுக்கு: பின்காவல் (பெ.) – அணி தாக்கும்போதே, பந்து பறிபோனால் எதிர்த்தாக்குதலைத் தடுப்பதற்காகப் பந்துக்குப் பின்னே நிறுத்தப்படும் வீரர்களும் அவர்களின் நிலையும். கோல்கீப்பர் இந்த எண்ணிக்கையில் சேரார்.

மறுப்பிருந்தால் மாற்றுச் சொல்லோடு ஒரு வர்ணனை வாக்கியமும் சேர்த்து எழுதுங்கள்.