சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ்: மே விடுமுறையில் குடும்பத்தோடு போகிறோம், யோசனை சொல்லுங்கள்

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். வரும் மே மாதம் பள்ளி விடுமுறையில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போவதாக வீட்டில் பேசி முடித்துவிட்டோம். பிள்ளைகளின் ஆசை யுனிவர்சல் ஸ்டூடியோஸ் தீம் பார்க், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நான், கணவர், பத்து வயது மகன், ஐந்து வயது மகள், மாமியார் என்று ஐந்து பேர். மாமியாருக்கு முழங்கால் வலி, சேர்ந்தாற்போல் கால் மணி நேரம் நடந்தாலே உட்கார இடம் தேடுவார். சுத்த சைவம் வேறு.

இங்கே ஒரு டிராவல்ஸில் பேக்கேஜ் சொல்கிறார்கள். ராத்திரி விமானம், காலையில் இறங்கியதும் நேராக பார்க், சாயங்காலம்தான் ஓட்டல் அறை. கூட்டத்தோடு நிற்காமல் தனி வரிசையில் போகிற எக்ஸ்பிரஸ் பாஸ் இல்லாமல் போனால் ஒரு ரைடுகூட ஏற முடியாது, ஐந்து பேருக்கும் எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். அந்தப் பாஸுக்கு மட்டும் சொல்கிற தொகையைக் கேட்டதிலிருந்து கணவர் யோசிக்கிறார். உண்மையிலேயே அது தேவைதானா? ஒரே நாளில் பார்த்து முடிக்க முடியுமா? வயதானவரை அழைத்துக்கொண்டு போவது சரிப்படுமா? போய் வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தேக்காவாசி:

சகோதரி, சிங்கப்பூரில் இருக்கிறேன், ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை அங்கே கூட்டிப்போகிற வேலை என்னுடையதுதான். அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: இறங்கிய அன்றைக்கே பார்க் என்பதை முதலில் மாற்றச் சொல்லுங்கள். ராத்திரி விமானத்தில் பிள்ளைகள் அரைகுறையாகத்தான் தூங்குவார்கள், அதோடு இங்கே நேரம் நம்மூரைவிட இரண்டரை மணி முன்னால். பார்க் திறக்கிற பத்து மணி உங்கள் மகளுக்கு காலை ஏழரை. பெரியவர்கள் டிக்கெட் ஒன்று 80 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் வரும், அதைக் கொடுத்துவிட்டு பாதி நாள் பெஞ்சில் பிள்ளையை மடியில் போட்டுத் தூங்க வைப்பதற்கா வருகிறீர்கள்? வந்த அன்று குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து சாயங்காலம் கார்டன்ஸ் பை த பே என்ற பெரிய தோட்டத்துக்குப் போங்கள். அங்கே மரம் மாதிரி நிற்கிற பெரிய கோபுரங்களின் விளக்குக் காட்சி 7:45க்கும் 8:45க்கும் நடக்கும், காசு கிடையாது, மாமியார் உட்கார்ந்தே பார்க்கலாம். பார்க்கை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பிரஸ் வேண்டுமா என்பதை முடிவு செய்வது நீங்கள் போகிற தேதிதான். தமிழ்நாட்டில் மே முழுக்க லீவு, ஆனால் சிங்கப்பூரில் பள்ளிகள் மே கடைசி வரை நடக்கும், இங்கே பெரிய விடுமுறை ஜூனில்தான். மே இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஒரு செவ்வாயோ புதனோ பிடித்தால் உள்ளூர்க் கூட்டம் குறைவாக இருக்கும், எக்ஸ்பிரஸ் இல்லாமலே முக்கியமானதெல்லாம் ஏறிவிடலாம். மே தினம், விசாக தினம், ஹஜ்ஜுப் பெருநாள் மூன்றும் இங்கே பொது விடுமுறை. பின்னது இரண்டும் வருஷத்துக்கு வருஷம் நகரும், அதனால் காலண்டரைப் பார்த்து அவற்றை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். விமான டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள், போட்ட பிறகு பார்த்துப் பயனில்லை.

எக்ஸ்பிரஸ் என்பது நுழைவு டிக்கெட்டுக்கு மேல் தனியாக வாங்குவது. அதற்குரிய ஒவ்வொரு ரைடிலும் ஒரே ஒரு முறை தனி வரிசையில் போகிற பாஸ் ஒன்று, எத்தனை முறை வேண்டுமானாலும் போகிற பாஸ் இன்னொன்று. விலை நாளுக்கு நாள் மாறும். ஆளுக்குத் தனித்தனியாகத்தான் விற்கிறார்கள், ஆக ஐந்தும் சேர்த்து எடுக்கவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. முழங்கால் வலிக்காரருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் அதில் பாதி ரைடு ஆகாது. அவர்களுக்கும் சேர்த்து அந்தக் காசைக் கொடுப்பது வீண்.

கூட்டத்தைக் குறைக்க என்னுடைய வழி இது. ஒன்பதரைக்கு வாசலில் நில்லுங்கள். வெளியே சுழலுகிற உலக உருண்டை முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அதை விட்டுவிடுங்கள், அது வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது, திரும்பும்போது எடுக்கலாம். பார்க் முழுவதும் ஒரு குளத்தைச் சுற்றி வட்டமாக இருக்கிறது. நுழைந்ததும் ஹாலிவுட் என்ற பகுதி, அங்கிருந்து வலது பக்கம் நியூயார்க், அதைத் தாண்டினால் சைஃபை சிட்டி. நேராக அங்கே போய் கணவரும் மகனும் பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவில் ஏறட்டும். சிவப்பு, நீலம் என்று இரண்டு ரோலர் கோஸ்டர் அதில் உண்டு. நீலத்தில் கால் அந்தரத்தில் தொங்கும், தலைகீழாகவும் சுழற்றும். சிவப்பில் தலைகீழ் இல்லை, ஆனால் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், நீலத்தைவிட அதிகம். முதல் தடவை போகிற பையனுக்கு சிவப்புதான் நல்லது. அங்கிருந்து எகிப்துப் பகுதி வழியாக லாஸ்ட் வேர்ல்டு பகுதிக்குப் போய் மதியத்துக்குள் கேனப்பி ஃப்ளையர் என்ற ரைடை முடியுங்கள். ஒரு வண்டியில் முதுகோடு முதுகாக நாலே பேர்தான் உட்காருவார்கள், அதனால் வரிசை சின்னதாகத் தெரிந்தாலும் நகரவே நகராது. பதினொன்றரைக்கு மேல் அங்கே போய் நிற்காதீர்கள்.

பொன்மலை_அப்பா:

தேக்காவாசி சொன்ன வரிசையை நானும் ஆமோதிக்கிறேன், அதற்கு இன்னொரு காரணம் மழை. மே மாதம் அங்கே மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டுகிற காலம். மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டால் திறந்தவெளி ரைடு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள், எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. பேட்டில்ஸ்டார், கேனப்பி, தண்ணீரில் போகிற ஜுராசிக் பார்க் ராபிட்ஸ் மூன்றும் திறந்தவெளி. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, செசமி ஸ்ட்ரீட் பொம்மைகளின் ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸ், மினியன் மேஹெம் எல்லாம் கூரைக்குள். காலையில் வெளியே, மழை வந்தால் உள்ளே என்று வைத்துக்கொண்டால் நாள் வீணாகாது.

சகோதரி, கிளம்புவதற்கு முன்னால் மகளின் உயரத்தை அளந்து பாருங்கள். அங்கே வயதை யாரும் கேட்க மாட்டார்கள், ரைடு வாசலில் அளவுகோல் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள், ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் விடமாட்டார்கள். பேட்டில்ஸ்டாருக்கு 125, மம்மிக்கு 122, ராபிட்ஸுக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, புஸ் இன் பூட்ஸுக்கு 100, கேனப்பிக்கு 92. கணக்கெல்லாம் சென்டிமீட்டரில். எதில் ஏற முடியும், எதில் முடியாது என்று வீட்டிலேயே குழந்தையிடம் பேசிவிடுங்கள். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு வாசலில் திருப்பி அனுப்பினால் அந்த அழுகையைச் சமாளிப்பது யாராலும் ஆகாது.

சின்னவளால் ஏற முடியாத ரைடில் ஒருவர் அவளோடு இருக்க மற்றவர் ஏறிவிட்டு, பிறகு ஆள் மாறிக்கொள்ளலாம், இரண்டாவது ஆள் முதலிலிருந்து வரிசையில் நிற்கத் தேவையில்லை. வரிசைக்குள் நுழையும்போதே அங்குள்ள பணியாளரிடம் குழந்தையைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி போன்றவற்றில் தனி ஆளுக்கென்று வேறு வரிசை உண்டு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியாது, காலியாக இருக்கிற ஒற்றை இடத்தில் ஏற்றிவிடுவார்கள், ஆனால் சீக்கிரம் நகரும். உங்கள் கணவர் மறுபடி ஒரு தடவை ஏற ஆசைப்பட்டால் அதில் போகட்டும்.

காவிரிக்கரை:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா. படித்ததும் மகளைச் சுவரோரம் நிறுத்தி அளந்தேன், 105. ராபிட்ஸுக்கு இரண்டு சென்டிமீட்டர் பற்றாது. இப்போதே சொல்லிவிட்டேன், முகம் கொஞ்சம் வாடியது, மினியன் உண்டு என்றதும் சரியாகிவிட்டாள். மகன் 134, அவனுக்குத் தடையில்லை.

மாமியார் விஷயம்தான் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. “நான் ஓட்டலிலேயே இருந்துகொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்” என்கிறார். அவரை அறையில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் சுற்ற எனக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்வது? வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா? எந்தப் பகுதியில் தங்கினால் நல்லது?

மல்லிகைப்பந்தல்:

தோழி, அவரைத் தாராளமாக அழைத்துப் போங்கள். என் அம்மாவையும் இதே மாதிரி முழங்கால் வலியோடுதான் கூட்டிப்போனேன். நுழைவாயில் பக்கத்திலேயே சக்கர நாற்காலி வாடகைக்குத் தருகிறார்கள், தரை சமமாக இருப்பதால் தள்ளுவதும் சுலபம். முதலில் “எனக்கு எதற்கு அதெல்லாம், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்” என்று மறுப்பார்கள், என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். “நடக்கிற வரைக்கும் நடங்கள் அம்மா, கால் வலித்தால் உட்காருங்கள், இல்லாத நேரத்தில் பையை வைத்துத் தள்ளுகிறோம்” என்றேன். மதியத்துக்குள் தானாகவே அதில் உட்கார்ந்துகொண்டார், அதற்கப்புறம் நாள் நன்றாகப் போனது.

அவருக்குப் பார்க்க நிறைய இருக்கிறது. வாட்டர்வேர்ல்டு காட்சியை விடவே விடாதீர்கள். படகுத் துரத்தல், நெருப்பு, உயரத்திலிருந்து தண்ணீரில் விழுகிறவர்கள் என்று எல்லாம் கண் முன்னால் நடக்கும், மொழியே தேவையில்லை. தொடங்குவதற்கு இருபது நிமிடம் முன்னால் போனால் நல்ல இடம் கிடைக்கும். முன் வரிசைகளில் தொப்பலாக நனைப்பார்கள், அவரைப் பின்னால் உட்கார வையுங்கள். நியூயார்க்கில் ‘லைட்ஸ் கேமரா ஆக்‌ஷன்’ என்று ஒரு கூடம், புயல் அடிப்பதை எப்படிப் படமாக்குகிறார்கள் என்று காட்டுகிறார்கள். ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸ் மெதுவாகத்தான் போகும், பேத்தியோடு சேர்ந்து ஏறலாம். மினியன் லேண்ட் 2025ல் திறந்தது, முன்பு மடகாஸ்கர் என்ற பகுதி இருந்த இடம், அங்கே பக்கி பூகி என்ற குடைராட்டினம் உங்கள் மகளுக்கு நிச்சயம் பிடிக்கும்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள், புளியோதரை அறையிலேயே இருக்கட்டும். காலையில் இட்லி தோசை என்று வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். எகிப்துப் பகுதியில் இந்தியச் சாப்பாடு கிடைக்கிறது, பன்னிரண்டரைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் மொய்ப்பார்கள், அதனால் பதினொன்றரைக்கோ இரண்டு மணிக்கு மேலோ போங்கள். வாங்குவதற்கு முன்னால் இறைச்சி, மீன், முட்டை எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள், ‘வெஜிடேரியன்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். காலித் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் உள்ளேயே நிரப்பிக்கொள்ளலாம். நம்மூரில் விற்கிற மெல்லிய மழைக்கோட்டு ஆளுக்கு ஒன்று பையில் போடுங்கள், மழைக்கும் ஆகும், ராபிட்ஸுக்கும் ஆகும்.

வழிப்போக்கன்:

ஒரு விஷயத்தில் மட்டும் மாற்றுக் கருத்து. விமான டிக்கெட் விலை காரணமாக சனி, ஞாயிறு தவிர வேறு நாள் அமையவில்லை என்றால், மகனுக்கும் கணவருக்கும் மட்டுமாவது அந்த ஒருமுறை எக்ஸ்பிரஸை எடுத்துவிடுங்கள். வாரக் கடைசியில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போவது சாதாரணம், பத்து வயதுப் பையனுக்கு அது பெரிய தண்டனை. வார நாளென்றால் தேவையில்லை, அதில் மேலே சொன்னவர்களோடு ஒத்துப்போகிறேன்.

விசா பற்றி யாரும் சொல்லவில்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா கட்டாயம், அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 30 வெள்ளி, நிராகரித்தாலும் திரும்ப வராது, அதற்கு மேல் முகவர் எவ்வளவு சேர்க்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், பாட்டியுடையதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், வயதானவர்களுடையதுதான் பீரோவில் காலாவதியாகிக் கிடக்கும். சிங்கப்பூரில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், குழந்தைக்கும் தனியாக. அது முழுக்க இலவசம். அதே பெயரில் காசு கேட்கிற போலித் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், குடிநுழைவு ஆணையத்தின் சொந்தத் தளத்துக்கே போங்கள்.

தேக்காவாசி:

தங்குவதற்கு லிட்டில் இந்தியா அல்லது ஃபேரர் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் பக்கம் பாருங்கள். இரண்டும் ஊதா நிறப் பாதையில் இருக்கின்றன, மாறவே தேவையில்லாமல் கடைசி நிலையமான ஹார்பர்ஃபிரன்ட் வரை உட்கார்ந்தே போய்விடலாம். சிராங்கூன் சாலையில் காலைச் சாப்பாடு பிரச்சினையே இல்லை, 1947லிருந்து கோமள விலாஸ் அங்கே இருக்கிறது. வீரமாகாளியம்மன் கோயிலும் அதே சாலையில்தான், மாமியாரைக் கூட்டிப் போங்கள்.

ஹார்பர்ஃபிரன்டில் இறங்கி மேலே விவோசிட்டி பேரங்காடியின் மூன்றாம் தளத்துக்கு லிஃப்டில் போங்கள், அங்கே செந்தோசா எக்ஸ்பிரஸ் என்ற ரயில். பார்க் இருக்கிற செந்தோசா தீவுக்குள் போக ஆளுக்கு 4 வெள்ளி, திரும்பி வர ஒன்றுமில்லை. ஏறியதும் அடுத்த நிலையம் ரிசார்ட்ஸ் வேர்ல்டு, அங்கேயே இறங்கிவிடுங்கள், தூங்கிவிட்டால் கடற்கரை வரை கொண்டுபோய்விடும். கடலோரமாக நடைபாதை ஒன்றும் இருக்கிறது, அதற்குக் காசு இல்லை, ஆனால் அரை கிலோமீட்டருக்கு மேல், மாமியாருக்கு வேண்டாம்.

டிக்கெட் தேதி போட்டுத்தான் வரும். பார்க் மூடுகிற நேரம் எல்லா நாளும் ஒன்றாக இருப்பதில்லை, வாங்குவதற்கு முன்னால் அவர்கள் தளத்தில் அந்தத் தேதிக்கு எத்தனை மணி வரை என்று பாருங்கள். நாலு முதல் 12 வயது வரை குழந்தைக் கட்டணம், இருவருக்கும் அதையே எடுங்கள். பேக்கேஜ்காரரிடம் விமானமும் விசாவும் மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை நீங்களே போடலாம்.

காவிரிக்கரை:

மாமியாரின் கடவுச்சீட்டை எடுத்துப் பார்த்தோம், ஆகஸ்டில் முடிகிறது! வழிப்போக்கன் அண்ணாவுக்குக் கோடி நன்றி. இந்த வாரமே புதுப்பிக்க விண்ணப்பிக்கிறோம், அது கைக்கு வந்த பிறகுதான் விமான டிக்கெட். தேதி மே இரண்டாவது வாரம் புதன்கிழமை என்று குறித்திருக்கிறோம், எக்ஸ்பிரஸ் எடுக்கவில்லை. சக்கர நாற்காலி பற்றி மல்லிகைப்பந்தல் அக்கா சொன்னதை அப்படியே அவரிடம் படித்துக் காட்டினேன். “பையை வைத்துத் தள்ளுவதற்கென்றால் எடுத்துக்கொள்ளலாம்” என்கிறார்.