58 ஆயிரம் ரூபாய் லேப்டாப், இருபது நிமிஷத்தில் தோசைக்கல்

விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்கள். போன மாதம் வாங்கிய லேப்டாப், ஐ5 12450எச் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3050 (4 ஜிபி) கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக். கம்பெனி பேர் வேண்டாம், அப்புறம் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

ஜிடிஏ 5 கேமை 1080பி, ஹை செட்டிங்கில் ஓட்டிப் பார்த்தேன். முதல் பத்து நிமிஷம் 75, 80 எஃப்பிஎஸ் (நொடிக்கு இத்தனை ஃபிரேம்), வழுக்கிக்கொண்டு போகிறது. அதற்குப் பிறகு சிபியு (அதாவது பிராசசர்) 96 டிகிரியைத் தொட்டதும் அதன் கிளாக் வேகம் 4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4க்கு இறங்கி, கார் வளைவில் திரும்பும்போதெல்லாம் படம் திக்கித் திக்கி, 45 எஃப்பிஎஸ்ஸுக்கு வந்துவிடுகிறது. ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) மட்டும் 78 டிகிரியில் சமர்த்தாக இருக்கிறது. மதுரையில் ஏசி இல்லாத அறை, அதையும் கணக்கில் வையுங்கள்.

பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடி வைத்துத் தூக்கியதில் 4 டிகிரி குறைந்தது (சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது). விண்டோஸ் பவர் செட்டிங்கில் மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்டை 99 சதவீதம் ஆக்கினால் டர்போ (பிராசசர் தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்வது) நின்று சூடு 76 டிகிரிக்கு வருகிறது, ஆனால் எஃப்பிஎஸ் 55ஐத் தாண்டவில்லை. திக்கல் இல்லாததால் இப்போதைக்கு அப்படித்தான் ஆடுகிறேன்.

பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்) அண்டர்வோல்ட், அதாவது சிபியுவுக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் வசதி, பூட்டியிருக்கிறது. டர்போவை முழுசாக அணைக்காமல் சிபியு இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பை (பவர் லிமிட்) மட்டும் 35 வாட்டுக்குக் குறைத்து யாராவது ஓட்டியிருக்கிறீர்களா? வாங்கி ஒரே மாதம்தான், தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) மாற்றத் திறந்தால் வாரன்டி போய்விடுமா? இன்னொரு 8 ஜிபி ரேம் போட்டு டூயல் சேனல் (இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து வேலை செய்வது) ஆக்கினால் அந்தத் திக்கல் குறையுமா, இல்லை அந்தக் காசுக்குக் கூலிங் பேட் வாங்குவதே மேலா?