'கூட்டு மனசாட்சி'க்கு எது சான்று? தீர்ப்பு தேடுகிறேன்

வணக்கம். மரண தண்டனையும் மக்கள் கருத்தும் பற்றிக் கருத்தரங்குக் கட்டுரை எழுதுகிறேன். ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

1980 பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரிதிலும் அரிதான வழக்குகளுக்கு மட்டுமே தூக்கு என்றது. மக்கள் கருத்துக்கு வாயாக இருப்பது நீதிபதியின் வேலையல்ல என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. மூன்றே வருடத்தில், மச்சி சிங் வழக்கில், சமூகத்தின் கூட்டு மனசாட்சி அதிர்ந்தால் தூக்கு தரலாம் என்றார்கள். நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005இல் வந்த தீர்ப்பிலும் அதே வாதம். 2009 பரியார் வழக்கில் இரண்டு நீதிபதிகள் மக்கள் கருத்தைத் தண்டனைக்குள் கொண்டுவரக் கூடாது என்றார்கள். சின்ன அமர்வுதான், ஆனால் பச்சன் சிங்கை ஒழுங்காகப் படித்தது இதுதான் என்பேன்.

2022 மனோஜ் தீர்ப்பு குற்றவாளியின் சிறை நடத்தை, மனநல அறிக்கை எல்லாம் கேட்டு வாங்கச் சொல்கிறது. தராசின் மறுதட்டில் வைக்கும் மனசாட்சிக்கு மட்டும் ஒரு காகிதமும் கிடையாது!

மேலே சொன்ன தீர்ப்புகளை முழுதாகப் படித்துவிட்டேன். தரவுத்தளத்தில் தேடினால் மச்சி சிங் பத்தியே திரும்பத் திரும்ப மேற்கோளாக வருகிறது. சீனியர் ஒருவரிடம் கேட்டேன். "தினம் பேப்பர் பார்க்கிறோமே, போதாதா" என்று சிரித்துவிட்டார். மரண தண்டனை பற்றிய சட்டக் கமிஷனின் 2015 அறிக்கையும் கையில் இருக்கிறது.

கூட்டு மனசாட்சி அதிர்ந்தது என்பதற்கு இன்னதுதான் சான்று என்று எழுதிய உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?