மாத்திரை ஆரம்பித்த பிறகு ஏறிய எடை: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

திருநகர் அக்கா:
தம்பிக்கு 23 வயது. போன ஆடியில் ஓலான்சபின் என்ற மனநோய் மாத்திரையை ஆரம்பித்தார்கள். காதில் கேட்ட குரல்கள் மூன்று வாரத்தில் அடங்கின, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆரம்பித்தபோது 54 கிலோ, தை மாதம் 73. இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், அடுப்படியில் சத்தம். பூனை என்று நினைத்துப் போனேன். ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் தம்பி நின்றுகொண்டிருந்தான். சில்லென்று இருந்த சோற்றைக் குழம்புகூட ஊற்றாமல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். "வயிறு முட்ட இருக்குக்கா. ஆனா பசிக்குது" என்றான். "எட்டு தோசை தின்னுட்டுப் பசிக்குதாடா?" என்று கத்திவிட்டேன். மறுநாள், ஃபிரிட்ஜ் வாங்கியபோது கொடுத்த சாவியைத் தேடி எடுத்துப் பூட்டினேன்.

அவன் சொன்னது உண்மை என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். ஹிஸ்டமின், செரட்டோனின் என்ற மூளை ரசாயனங்கள் பசியை அடக்கிவைக்கப் போகிற வாசல்களை இந்த மருந்து அடைத்துவிடுகிறதாம். அவன் பொய் சொல்லவில்லை, நான்தான் திருடனைப் பிடித்த மாதிரி நின்றேன்.

முல்லை91:
அக்கா, உங்கள் தம்பி சொன்னதை அப்படியே நானும் சொல்லியிருக்கிறேன். என்னையும் யாரும் நம்பவில்லை.

எனக்கு ரிஸ்பெரிடோன், அதே வகை மாத்திரைதான். ஒன்பது கிலோ ஏறியது, மாதவிடாயும் நின்றது. இந்த மாத்திரையால் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடினால் மாதவிடாய் அப்படி நிற்கும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்த மாமியார், விசேஷம்தான் என்று முடிவு கட்டி மாங்காய் வாங்கி வந்துவிட்டார். அன்றோடு மாத்திரையை நானாக நிறுத்தினேன், யாருக்கும் தெரியாமல்.

எடை மளமளவென்று இறங்கியது. நாத்தனார் கல்யாணத்தில் பச்சைப் பட்டு கட்டி நின்றேன். வந்தவர்கள் எல்லாம் "எப்படி இளைச்சே, எங்களுக்கும் சொல்லேன்" என்று கேட்டார்கள். நான் தூங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. மண்டபத்து மைக்கில் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து வார்டில் சேர்த்தார்கள். அந்தக் கல்யாண ஃபோட்டோ இன்னும் அம்மா வீட்டு ஹாலில் தொங்குகிறது. அதில் நான் அழகாக இருக்கிறேனாம்.

ஓய்வுபெற்ற காசாளர்:
என் மகனுக்கும் ஓலான்சபின்தான், 11 வருடமாக. பதினான்கு கிலோ ஏறி ஆறு இறங்கியது. என் கதை அவ்வளவுதான்.

பாப்பா, நீ பூட்டியதில் தப்பே இல்லை. முறுக்கு டப்பாவைக் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பதுதான் தப்பு. முதலில் ஒரு எடை மிஷின் வாங்கு. மருந்து தொடங்கும் அன்றே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதியிருக்க வேண்டும். அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அங்குள்ள மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2004இலேயே சொல்லியிருக்கிறார்கள்: 4, 8, 12ஆம் வாரங்களில் எடை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. 2005இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் ஓலான்சபின் எடுத்தவர்களுக்கு மாதம் சராசரியாக ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியது. பிஎம்ஐ என்பது உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற எண், நம் உடம்புக்கு அது 23 தாண்டினாலே அதிக எடைதான். இடுப்புக்கு எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. முதல் மாதத்திலேயே நூற்றுக்கு ஐந்து பங்கு ஏறினால் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: மருந்தை மாற்றலாமா, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்க்கலாமா என்று. சில மருந்துகளில் வாய் வறளும், அதற்குப் பாட்டில் குளிர்பானம் கொடுக்காதே, தண்ணீர் கொடு. ராத்திரிப் பசிக்குச் சுண்டல். வாரம் மூன்று நாள் கொள்ளு ரசம். காலை ஐந்தரைக்கு எழுப்பி 45 நிமிடம் நடக்கவிடு.

முல்லை அம்மா, நீங்கள் மாத்திரையை நிறுத்தியதுதான் பெரிய தவறு.

முல்லை91:
தெரியும் ஐயா. வார்டில் 26 நாள் படுத்துத் தெரிந்துகொண்டேன்.

அளவு நோட்டு:
ஐந்தரைக்கா? சார், எனக்குக் க்ளோசாபின், அதுவும் இதே வகை, தூக்கம் அப்படி அமுக்கும். அதைப் போட்டவனை ஐந்தரைக்கு எழுப்ப இடி விழ வேண்டும். நடப்பதெல்லாம் நல்லதுதான், சாயங்காலம் நடக்கச் சொல்லுங்கள். கொள்ளு ரசம் குடித்து இறங்குகிற எடையா இது?

நான் படிக்கிற காலத்திலிருந்து ஒரே தையற்காரரிடம்தான் பேன்ட் தைப்பேன். இரண்டு வருடம் போகாமல் இருந்துவிட்டுப் போனேன். பேரைச் சொன்னதும் நோட்டில் என் பழைய பக்கத்தை எடுத்தார், இடுப்பு 30. நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க தம்பியோட அண்ணனா?" என்றார். ஆமாம் என்றேன். "தம்பி எப்படி இருக்கான்?" "நல்லா இருக்கான்." புதுப் பக்கத்தில் 42 என்று எழுதிக்கொண்டார். பேன்ட் வாங்க நண்பனை அனுப்பினேன்.

இன்னொன்று. க்ளோசாபினுக்கு முதலில் வாராவாரம், அப்புறம் மாதாமாதம் ரத்தம் எடுத்து வெள்ளை அணுக்களை எண்ணினார்கள். அதே ஊசியில் சர்க்கரையும் பார்த்திருக்கலாம். ஒன்றரை வருடம் யாருக்கும் தோன்றவில்லை.

வார்டு சிஸ்டர்:
எடை ஏறுவதை எல்லாரும் துக்கமாகவே எழுதுகிறீர்கள். எங்களிடம் எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வருவார். மகன் இரண்டு வருடம் ஊர் ஊராகத் திரிந்தவன், சேர்க்கும்போது 38 கிலோ, எலும்பை எண்ணலாம். நான்கு மாதம் கழித்து ஓ.பி.யில் நிறுத்தினால் 61. அந்த அம்மா ஒரு பை நிறையக் கடலை மிட்டாய் கொண்டுவந்து, "எம்புள்ள தேறிட்டான்" என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எனக்கும் ஒன்று. என் கையில் அவன் ரிப்போர்ட், வெறும் வயிற்றில் சர்க்கரை 212. டாக்டர் சொல்லிக்கொள்ளட்டும் என்று மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன். மீதியை மகன் தின்றுகொண்டே உள்ளே போனான். நான் தடுக்கவில்லை.

திருநகர் அக்கா:
சிஸ்டர், அப்புறம் அந்தப் பையன்?

வார்டு சிஸ்டர்:
மெட்ஃபார்மின் சேர்த்தார்கள். இப்போதும் வருகிறான், சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் இருக்கிறது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தாயி" என்று அந்த அம்மா ஒருமுறை கேட்டார்.

ஓய்வுபெற்ற காசாளர்:
அதற்குத்தான் நோட்டு வேண்டும் என்கிறேன்.

திருநகர் அக்கா:
ஐயா, நோட்டு போட்டுவிட்டோம். தம்பிக்கு டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக அரிபிப்ரசோல் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார். நான்கு கிலோ குறைந்திருக்கிறது, குரல்கள் இதுவரை திரும்பவில்லை. பூட்டு விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நான் பூட்டுவதை விட்டு மூன்று மாதம் ஆகிறது. இன்றைக்கும் அவன் மோர் வேண்டுமென்றால் என்னிடம் வந்து சாவி கேட்கிறான். திறந்துதான்டா இருக்கு என்றால் "சரிக்கா" என்கிறான். சொல்லிவிட்டு அங்கேயே நிற்கிறான். நான் போய்த்தான் திறக்கிறேன்.